20 மாதக் குழந்தை இன்னும் பேசவில்லை: காத்திருக்கலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகனுக்கு 20 மாதம். அம்மா, தாத்தா, பௌபௌ என்று நாலைந்து சொற்கள்தான் வருகின்றன. ஃபோனில் ரைம்ஸ் ஓடினால்தான் சாப்பாடு இறங்குகிறது. அதில் வரும் ஏபிசிடியை ராகம் மாறாமல் முணுமுணுக்கிறான்; ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை. வீட்டில் அம்மா பேசுவது தமிழ், அப்பா வீட்டார் தெலுங்கு, ப்ளே ஸ்கூலில் இங்கிலீஷ். "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும், இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் திறந்தான்" என்கிறார் மாமியார். மூன்று மொழியில் குழம்பிவிட்டானா, காத்திருக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

பேச்சுப் பயிற்சித் துறையில் இருக்கிறவள் என்ற முறையில் நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மொழிகள் காரணம் இல்லை, எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது சாப்பாட்டு நேர ஃபோனைத்தான்.

பதறவும் வேண்டாம். இந்த வயதில் குறைவாகப் பேசும் குழந்தைகளில் பலர் பின்னால் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை தானாகவே எட்டிப்பிடிக்கும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவைப்படும் என்பதைச் சொற்களை எண்ணி மட்டும் கண்டுபிடிக்க முடியாது. சொல் கடைசியில் வருவது. அதற்கு முன் குழந்தை செய்து முடித்திருக்க வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. அவை நடந்திருக்கின்றனவா என்றுதான் நாங்கள் பார்ப்போம். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கிறது. வயிற்றுக்குள் சொற்கள் தெளிவாகப் போய்ச் சேராது. குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும் போய்ச் சேரும். 1980ல் ஆண்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். தாயின் குரல் எப்படிச் சப்பினால் வருமோ அப்படிச் சப்பக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. அத்தனை சின்ன உயிர், யார் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984ல் வெளியிட்டது. அதில் அவர்கள் பயன்படுத்திய ஒலிகளில் ஒரு ஜோடி இந்தியிலிருந்து எடுத்தது: த, ட. நமக்குப் பத்து வேறு, பட்டு வேறு என்று சட்டெனப் புரிகிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து ஒரு ஒலியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒலி மாறியதும் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். மாற்றத்தைக் கண்டுபிடித்தால் பொம்மை வரும் என்று குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். ஒலி மாறியவுடன் தலையைத் திருப்பும். ஆங்கில வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை அந்த இந்தி ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. 10 முதல் 12 மாதத்தில் அது மிகச் சில குழந்தைகளுக்குத்தான் முடிந்தது. இந்தி வீட்டுக் குழந்தைகளுக்கோ அந்தத் திறன் அப்படியே இருந்தது.

முதல் பிறந்தநாளுக்குள், ஒரு சொல்லும் ஒழுங்காகச் சொல்வதற்கு முன்பே, எந்தெந்த ஒலி வேறுபாடு தன் வீட்டுக்கு வேண்டும், எது வேண்டாம் என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. சத்தம் இல்லாமல் நடக்கிற வேலை இது. வெளியே நமக்குத் தெரிவது "பபபபா, தததா" மட்டும்தான்.

அதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. நாம் பேசும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. "அம்மாவந்தாங்கபாரு" என்று ஒரே ஓட்டமாகத்தான் வருகிறது. இதில் எது ஒரு சொல் என்று குழந்தைக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? யாருமில்லை. எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்கிறது. ஜெனி சாஃப்ரான் குழுவினர் 1996ல் பொருளே இல்லாத அசைகளை இடைவெளி இல்லாமல் 8 மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் போட்டுக் காட்டினார்கள். அதற்குள் எவை சேர்ந்து வருகின்றன என்று குழந்தைகள் பிடித்துவிட்டன. பொருள் புரிவதும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம். எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகள் சாப்பாட்டுப் பொருள், உடல் உறுப்பு ஆகியவற்றின் பெயரைச் சொன்னதும் அந்தப் படத்தை அதிக நேரம் பார்த்தன.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 20 மாதத்தில் "பேச ஆரம்பிக்கவில்லை" என்று நீங்கள் நினைக்கும் குழந்தை, மொழியில் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக வேலை செய்துவிட்டது. அந்த வேலை நடந்திருக்கிறதா என்பதற்குத் தடயங்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

சரி, ஃபோனுக்கு வருவோம். இத்தனை கெட்டிக்காரக் காது என்றால், ரைம்ஸ் வீடியோவிலிருந்தும் மொழி கற்றுக்கொள்ளலாமே? இதே கேள்வியைச் சியாட்டிலில் பேட்ரீஷியா குல் சோதித்துப் பார்த்தார். 2003ல் வெளிவந்த ஆய்வு. ஆங்கில வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகள். சீன மாண்டரின் மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து அவர்களோடு உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். ஏறத்தாழ நாலு வாரத்தில் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். முடிவில் அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைத் தைவானில் வளரும் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்துக் கேட்டன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே புத்தகம், அதே பொம்மை, அதே நேரம், ஆனால் திரையில். வேறொரு குழுவுக்கு ஒலிப்பதிவு மட்டும். இந்த இரண்டு குழுவும் மாண்டரினே கேட்காத குழந்தைகளைவிட ஒரு படிகூட முன்னேறவில்லை. திரையைக் குழந்தைகள் ஆவலாகப் பார்த்தன. பார்த்தும் எதுவும் ஏறவில்லை.

காரணம் என்ன? திரை பதில் சொல்வதில்லை. குழந்தை "ஊ" என்றால் திரையில் இருக்கிற ஆள் அதற்காக நிற்கமாட்டார். மைக்கேல் கோல்ட்ஸ்டீன் 2003ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. 8 மாதக் குழந்தைகளின் தாய்மார்கள் காதில் ஹெட்ஃபோன் வைத்திருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, குழந்தை சத்தம் எழுப்பிய உடனே சிரியுங்கள், தொடுங்கள், பக்கத்தில் போங்கள் என்று உத்தரவு. மறுபாதிப் பேரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் குழந்தையின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத நேரத்தில். முதல் குழுவின் குழந்தைகள் அந்தச் சில நிமிடங்களிலேயே கூடுதல் தெளிவான, பேச்சுக்கு நெருக்கமான ஒலிகளை எழுப்பத் தொடங்கின. இரண்டாவது குழுவில் அந்த மாற்றம் இல்லை. இரண்டு குழுவுக்கும் அன்பின் அளவு ஒன்றுதான், நேரம்தான் வேறு. தான் ஒன்று செய்தால் எதிரில் இருக்கிறவரிடம் ஒன்று நடக்கிறது என்பதுதான் குழந்தையைப் பேசத் தூண்டுகிறது.

அதனால்தான் வீடியோ காலை நான் இதில் சேர்ப்பதில்லை. 2 வயதுக் குழந்தைகளை வைத்து 2014ல் வெளிவந்த ஆய்வில், எதிரில் இருப்பவர் நேரலையில் பதில் சொன்னபோது புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. ஊரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசட்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2 வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ கால் மட்டும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: ஒரு வயதில் திரை வேண்டாம், இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்.

உங்கள் மகன் ஏபிசிடி பாடுவதை வீட்டில் எல்லோரும் ஆறுதலாக நினைப்பீர்கள். நினைவாற்றல் இருக்கிறது, காதில் ஏதோ விழுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனால் அதைச் சொற்கணக்கில் சேர்க்காதீர்கள். யாரிடமோ எதையோ சொல்வதற்காக வருவதுதான் சொல். "பௌபௌ" என்று தெரு நாயைக் காட்டிச் சொன்னால் அது முழுச் சொல். "பா" என்று சொல்லிப் பால் டம்ளருக்குக் கை நீட்டினால் அதுவும் சொல். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இந்த வயதில் காக்கா "தாத்தா" ஆவதும், லாரி "லாலி" ஆவதும் இயல்பு. 2 வயதில் வெளியாளுக்குப் பாதிப் பேச்சும், 3 வயதில் முக்கால் பங்கும், 4 வயதில் ஏறக்குறைய முழுதும் புரிந்தால் போதும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. மகன் விரலால் சுட்டிக் காட்டுகிறானா?

இதைக் கூர்ந்து பாருங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. குழந்தை ஆள்காட்டி விரலை நீட்டுகிறது, "ம்!" என்கிறது. அப்புறம் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் காகத்தைப் பார்க்கிறீர்களா என்று சரிபார்க்கிறது. மறுபடியும் காகம். அந்தக் காகம் குழந்தைக்கு வேண்டாம், பிடித்துத் தரச் சொல்லவில்லை. நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று விநாடிகூட ஆகாத இந்தச் செயலுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: நான் பார்ப்பதை அம்மா பார்க்காமல் இருக்கலாம் என்ற அறிவு, அவள் கவனத்தை நான் திருப்பலாம் என்ற நம்பிக்கை, ஒரு விஷயத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஆசை. மொழிக்குத் தேவையானது இவ்வளவும்தான். "ஆமா, காக்கா! காக்கா வந்துருச்சு!" என்று நீங்கள் சொன்னால், அந்தச் சொல் எந்தப் பொருளில் போய் ஒட்ட வேண்டுமோ அங்கே போய் ஒட்டுகிறது, ஏனென்றால் குழந்தையின் கவனம் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டிச் சுட்ட ஆரம்பித்துவிடுகின்றன. சிகாகோவில் மெரிடித் ரோவும் சூசன் கோல்டின்மெடோவும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், 14 மாதத்தில் கைச்சாடையால் அதிக விஷயங்களைச் சொன்ன குழந்தைகளுக்கு, நாலரை வயதில் சொல்வளமும் அதிகமாக இருந்தது. கைச்சாடை பேச்சைக் கெடுக்கும், சோம்பேறியாக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறு.

நம் ஆட்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் கைதட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள். இன்றைய வளர்ச்சி அட்டவணைகளிலும் கைதட்டல் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது. அம்புலிப் பருவம் முழுக்க நிலாவைக் காட்டிக் காட்டிப் பாடுவது. இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம், மேலே நிலா: இருவரும் ஒரே பொருளைப் பார்த்து அதைப் பற்றிப் பேசும் பயிற்சி, அதுவும் சாப்பாட்டு நேரத்தில். அந்த இடத்தில் இன்று ஃபோன் வந்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் மகன் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். வேண்டியதைக் கேட்பதற்கு மட்டும் சுட்டுகிறானா, சும்மா காட்டுவதற்காகவும் சுட்டுகிறானா? சொற்களே தெரியாமல் போனாலும் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? கைச்சாடை காட்டாமல் வெறும் வாயால் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, காலி டம்ளரில் குடிப்பது போல நடிப்பது எல்லாம் உண்டா? இதெல்லாம் இருந்து சொற்கள் மட்டும் குறைவு என்றால் நான் ஓரளவு நிம்மதியாக இருப்பேன். இவை இல்லையென்றால், அவன் பத்துச் சொல் கூடுதலாகச் சொன்னாலும் எனக்கு நிம்மதி இருக்காது.

அடுத்து, காது. "கதவு அடித்தால் திரும்புகிறான், குக்கர் விசில் கேட்டால் பயப்படுகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். குக்கர் விசிலைக் கேட்கும் காதுக்கு ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகள்கூட முதல் சில மாதங்களில் குரல் எழுப்பும், சிரிக்கும், "ஊ ஆ" என்னும். "பபபபா" என்று அசை அடுக்குவதுதான் தாமதமாகும் அல்லது வராது. அதனால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். பிறந்தபோது பரிசோதனையில் தேறியிருந்தாலும் பின்னால் குறை வரலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்பது ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கூப்பிட்டால் சில நேரம் மட்டும் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில் காதுக்குள் ஒரு மெல்லிய குமிழை வைப்பார்கள். குழந்தை அமைதியாக இருந்தால் சில நிமிடங்களில் முடியும். தேவைப்பட்டால் தூங்க வைத்து, தலையில் ஒட்டும் மின்முனைகளோடு பெரா பரிசோதனை செய்வார்கள். இரண்டிலும் வலி கிடையாது. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா என்று அங்கே கேட்பார்கள். நம் பக்கத்தில் மாமன் மகள், அக்கா மகள் திருமணங்கள் அதிகம். பிறவிக் காது கேளாமைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதால்தான் கேட்கிறார்கள், குற்றம் சொல்ல இல்லை. மறைக்காமல் சொல்லுங்கள். குறை இருப்பது தெரிந்தால் எவ்வளவு சீக்கிரம் கருவி பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. கடுமையான குறைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வேண்டியிருந்தால், தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

காது சரியாக இருந்து, பெயர் சொன்னால் திரும்புவது குறைவு, சுட்டுவது குறைவு, முகம் பார்ப்பதும் குறைவு என்றால், குழந்தை நல மருத்துவர் ஆட்டிசத்துக்கான முதல்கட்டக் கேள்வித்தாளை எடுப்பார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள், பதில் சொல்வது நீங்கள்தான். அதில் சந்தேகம் வந்தால் அது முடிவான தீர்ப்பு இல்லை. விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எந்த வயதானாலும், வந்த சொற்கள் மறைந்துபோனால், முன்பு "டாட்டா" காட்டியவன் நிறுத்திவிட்டால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 12 மாதத்தில் அசை அடுக்குவதோ கைச்சாடையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் "அப்பா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை என்பவையும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்.

மூன்று மொழி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பதில் தெளிவு. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியும். எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். "பால்", "நீள்ளு", "பிஸ்கட்" என்றால் மூன்று சொற்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினால் குழப்பம் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களே அப்படித்தானே பேசுகிறோம். சில இடங்களில் "ஒரே மொழி, அதுவும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்வதை இன்னமும் கேள்விப்படுகிறேன். அதைக் கேட்டு, தனக்குச் சரளமாக வராத மொழியில் நாலு வாக்கியத்தையே திரும்பத் திரும்பப் பேசும் தாய்மார்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. கோபம், கொஞ்சல், கதை, கேலி எல்லாம் எந்த மொழியில் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். மாமியார் தெலுங்கிலேயே பேசட்டும், நிறையப் பேசட்டும்.

ஆனால் "ஆண் பிள்ளை மெதுவாகப் பேசும்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. சராசரியில் பெண் குழந்தைகள் சற்று முந்துகிறார்கள், உண்மை. அந்த வித்தியாசம் சிறியது. பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணம் ஆகாது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பதும் அப்படித்தான். தாமதம் குடும்பத்தில் வருவதுண்டு என்பதால் அது கூடுதல் கவனத்துக்குக் காரணம். நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லை என்பார்கள். நாக்கு ஒட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், சொற்கள் வருவதைத் தடுக்காது. வசம்பு உரசி நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, குழந்தைக்குக் கெடுதல் செய்யலாம், வேண்டாம். இரும்புச்சத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட, 6 மாதம் தாண்டிய குழந்தைகளில் 67 சதவீதத்துக்கு ரத்தசோகை. அது கவனத்தையும் சுறுசுறுப்பையும் கற்றலையும் பாதிக்கும்.

வீட்டில் என்ன செய்வது? முதலில் சாப்பாடு. ஃபோனை எடுத்தால் சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். உடம்பு நன்றாக இருக்கிற குழந்தை சில வேளை குறைவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. உங்களோடு தரையில் உட்கார வையுங்கள், அவன் தட்டில் கொஞ்சம் வையுங்கள், கையால் அளைந்து தின்னட்டும், சிந்தட்டும்.

தோசை சுடும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். அடுப்புக்குத் தள்ளி, நீங்கள் செய்வது தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். "மாவு ஊத்தறேன்... சொய்ய்ய்!" என்கிறீர்கள். நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பெற்றோருக்கு இதுதான் கஷ்டம். அந்த ஐந்து விநாடி ஒரு யுகமாகத் தெரியும். அவன் "ய்ய்" என்றால் அது அவனுடைய முறை. "ஆமா, சொய்ய்! சூடு! தோசை சூடு!" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். அவன் "தோ" என்றால் "தோசை வேணுமா? இந்தா, தோசை" என்று கொடுங்கள். "தோசைன்னு ஒழுங்கா சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்துவைக்காதீர்கள். "இது என்ன, அது என்ன" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் காட்ட நினைத்ததை விட்டு அவன் பார்ப்பதற்குப் போவதுதான் வேலை.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு கொடுத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு பாட்டிக்குத் தெரிந்திருக்கும். நண்டு கிளம்பும் முன் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும், உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை அகல வைத்துக்கொண்டு, "ம்ம்!" என்று கேட்கும். அந்த "ம்ம்" கேட்ட பிறகு நண்டு ஊரட்டும். எதிர்பார்ப்பு, முறை மாறுதல், நினைவு மூன்றும் அதில் பழகுகின்றன. பெரியவர்களும் தங்கள் ஃபோனை அந்த நேரத்தில் தள்ளி வைக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் முகம் திடீரென்று அசைவற்றுப் போனால் சில மாதக் குழந்தைகூடக் கலங்கிப்போகிறது என்று எட்வர்ட் ட்ரானிக் 1970களிலேயே காட்டியிருக்கிறார்.

இவ்வளவு எளிய காரியங்களால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87ல் சாலி கிரந்தம்மெக்ரிகர் தொடங்கிய ஆய்வைச் சொல்கிறேன். ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய, 9 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போவார். தூக்கிப்போடும் டப்பா, மூடி இவற்றில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு வருடம், அவ்வளவுதான். 20 வருடம் கழித்து, அந்தக் குழந்தைகள் இளைஞர்களாகி வேலைக்குப் போனபோது, அப்படி யாரும் வந்து விளையாடாத குழுவைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் கொடுத்த குழுவுக்கு அப்படி நிலைத்த பலன் கிடைக்கவில்லை.

எங்கே போவது என்பதற்கு: தனியார் கட்டணம் முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள். 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சித் தாமதங்களைப் பார்ப்பதற்காகவே மாவட்டம்தோறும் இந்த மையங்களை ஏற்படுத்தினார்கள். குழந்தை நல மருத்துவர், காது பரிசோதகர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும் என்பது அதன் நன்மை. போகும்போது அவன் வீட்டில் விளையாடும் இரண்டு மூன்று நிமிட வீடியோ கொண்டு போங்கள், ஏனென்றால் புது இடத்தில் பெரும்பாலான குழந்தைகள் வாயையே திறக்காது. மூன்று மொழியிலும் அவன் சொல்வதையெல்லாம், "பா", "லாலி" உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காது சரி, சுட்டுகிறான், புரிந்துகொள்கிறான் என்று தெரிந்தால் ப்ளே ஸ்கூலை மாற்றத் தேவையில்லை; அங்கே டிவி போடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். மேலே சொன்னபடி வீட்டில் செய்துகொண்டே, மாதம் ஒருமுறை சொல் பட்டியலைப் புதுப்பியுங்கள். புதுச் சொற்கள் வந்துகொண்டே இருந்தால் நல்லது. 24 மாதம் முடியும்போது இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் அதே பட்டியலோடு பேச்சுப் பயிற்சியாளரிடம் மறுபடியும் போங்கள்.